எதிராளி பெஞ்சு

அவரைப் பற்றி யாராவது என்னிடம் நல்லவிதமாக மட்டும் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். கெட்டவிதமாக மட்டும் பேசினால் சண்டைக்கே போய்விடுவேன். இதிலிருந்தே தெரிந்திருக்கும், நான் அவரிடம் குமாஸ்தாவாக இருந்தவன் என்று.

விருதுநகரில் வக்கீலாக இருந்தார். பிறகு நீதிபதியாகி வெளியூர்களில் காலம் தள்ளினார். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து ஒரு தடவை எம்.எல்.ஏ. ஆனார். அடுத்த தடவை சீட்டுக் கிடைக்கவில்லை. அதற்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காரவில்லை, பழைய கறுப்புக் கோட்டைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்துவிட்டார். ஊர்க்காரர்கள் ஜட்ஜம்மா என்றார்கள். கட்சி ஆட்கள் எம்எல்ஏம்மா என்றார்கள். எனக்குக் கடைசி வரை வக்கீலம்மாதான்.

ஆள் குள்ளம். ஆனால் குரல் கோர்ட் காம்பவுண்டைத் தாண்டி டீக்கடை வரை கேட்கும். கோர்ட் இல்லாத நாளிலும் வெள்ளைச் சேலைதான். வரக்காப்பியும் ஒரு பொட்டலம் சாத்தூர் சேவும் மேசையில் இருந்துவிட்டால் மதியச் சாப்பாட்டை மறந்துவிடுவார். அதை ஞாபகப்படுத்துவதும் என் வேலைதான், சம்பளத்தில் சேராத வேலை.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் நிற்பது அவர் முகம் இல்லை, ஒரு பெஞ்சு. என் அக்கா புருஷன் ஜெயிலுக்குப் போனது அந்தப் பெஞ்சால்தான் என்று என் அக்கா சொல்வாள். அதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆபீசில் இரண்டு பெஞ்சுகள் கிடந்தன. ஜன்னல் ஓரம் கிடப்பது வருகிறவர்கள் உட்கார. அதற்கு நேர் எதிரே கிடப்பது எதிராளி பெஞ்சு. அது சிவகாசியில் மூடிப்போன ஓர் அச்சகத்திலிருந்து வந்தது. பலகைக்குள் அச்சு மை ஊறிப்போய்க் கிடந்தது. வெயில் காலத்தில் அதில் உட்கார்ந்து எழுந்தால் வேட்டியில் நீலமாக ஒரு தடம் விழும். வேறு பெஞ்சு வாங்கலாம் என்று நான் சொல்லாத மாதம் கிடையாது. "தொவைச்சாப் போயிரும், தம்பி" என்று ஒரே பதிலைத்தான் சொல்வார். துவைத்தவர்களைக் கேட்டால் தெரியும்.

யார் கேஸ் கொண்டு வந்தாலும் முதலில் கதையைக் கேட்பார். கேட்டு முடித்ததும், "அந்தப் பக்கம் போயி உக்காருங்க" என்பார். அங்கே உட்கார்ந்து எதிராளியாகப் பேச வேண்டும். எதிராளியைப் பற்றி இல்லை, எதிராளியாகவே. அது வராதவர்களின் கேஸை அவர் எடுக்கமாட்டார்.

மல்லாங்கிணற்றிலிருந்து ஒருவர் வந்தார். முறுக்கின மீசை. பங்காளி வண்டிப்பாதையில் முள்ளைப் போட்டு அடைத்துவிட்டான் என்று கேஸ்.

"அந்தப் பக்கம் உக்காருங்க. இப்ப நீங்கதான் ஒங்க பங்காளி. எதுக்கு முள்ளப் போட்டீக, சொல்லுங்க" என்றார் வக்கீலம்மா.

"அவன் திமிரு பிடிச்சவன்மா."

"அவன் இல்ல. நான்னு சொல்லுங்க."

"நான் எதுக்கும்மா திமிரு பிடிச்சவன்?" என்று எழுந்துவிட்டார். "ஒங்ககிட்ட நியாயம் கேக்க வந்தா அந்தப் பயலுக்காக என்னையவே பேசச் சொல்லுதீக? இது நல்லாருக்கே." வேட்டியைப் பார்த்தார், பின்பக்கம் நீலம். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு எதிர் வரிசையில் இருந்த வேறொரு வக்கீல் ஆபீசுக்கு நடந்தார். அந்த வக்கீலுக்கு எங்களால் பாதி வருமானம். தீபாவளிக்கு எங்களுக்குத்தான் முதல் ஸ்வீட் பாக்ஸ் அனுப்புவார்.

மீசைக்காரர் அடுத்த வாரமே திரும்பி வந்தார். கறுப்பு லுங்கி கட்டிக்கொண்டு வந்திருந்தார், விவரமானவர். நேராக எதிராளி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"நான் ஏன் முள்ளப் போட்டேன்னா, இவுக டிராக்டர எம் பருத்தி மேல ஏத்திட்டுப் போயிட்டாக. நெறஞ்ச காய். சொன்னேன், கேக்கல. மறுபடியும் ஏத்துனாக."  கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு சொந்தக் குரலில், "ஏத்துனது வாஸ்தவந்தாம்மா" என்றார்.

"இப்ப இந்தப் பக்கம் வாங்க. ஒங்க கேஸ நான் நடத்துதேன்" என்றார் வக்கீலம்மா. நடத்தினார், பாதையும் கிடைத்தது. பருத்திக்கும் வழி பண்ணச் சொல்லித்தான் கேஸை முடித்தார்.

வக்கீலம்மாவின் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்து வாத்தியார், பேச்சு குறைவு. ஒரு நாள் அவரிடம் கேட்டேன், வீட்டிலும் இப்படித்தானா என்று. "எங்க வீட்ல சண்டையே போட முடியாதுய்யா. எனக்காகவும் அவளே பேசிருவா. என்னையவிட நல்லாப் பேசுவா. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

வக்கீலம்மா நீதிபதியாகிப் போனதும் நான் கோர்ட்டுக்கு எதிரே பத்திரம் எழுதிப் பிழைத்தேன். ஒரு தடவை என் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க அவர் இருந்த ஊருக்குப் போனேன். தஞ்சாவூர்ப் பக்கம். கோர்ட் ஹாலில் பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு வக்கீல் எழுந்து வாயைத் திறந்ததும் மேலேயிருந்து குரல் வந்தது. "ஒங்க வாதத்துக்கு முன்னாடி, எதிர்த் தரப்பு என்ன கேக்குதுன்னு சுருக்கமாச் சொல்லுங்க. அவங்க தலையாட்டட்டும், அப்புறம் மேல போகலாம்." வக்கீலுக்கு வேர்த்துவிட்டது. வாசலில் நின்ற டவாலி என் காதருகே வந்து, "இந்த அம்மா வந்தப்புறம் எல்லா வக்கீலும் ரெண்டு தரப்புக் கேஸ் கட்டையும் படிச்சிட்டு வர்றாங்க சார், பாவம்" என்றான். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. இங்கே மட்டும் மை பெஞ்சு இல்லையே, அந்த மட்டில் தப்பித்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எலெக்‌ஷனில் நின்றபோது என்னையும் கூடவே கூட்டிக்கொண்டு திரிந்தார். சாத்தூர்ப் பக்கம் முதல் கூட்டம். மேடை ஏறி மைக்கைப் பிடித்தவர், "இப்ப இருக்கிற எம்.எல்.ஏ. போட்ட ரோட்டுலதான் நான் வந்தேன். நல்ல ரோடு. போட்டவுகளுக்கு ஒரு கும்பிடு" என்றார். பக்கத்தில் நின்ற கிளைச் செயலாளர் தலையில் கை வைத்துவிட்டார். "அண்ணே, அந்தாளுக்கு நம்ம செலவுல பிரச்சாரம் பண்ணுதாகளே" என்று என்னிடம் புலம்பினார். வக்கீலம்மா விடவில்லை. "அந்த நல்ல ரோட்டு ஓரத்துல காலங்காத்தால கம்பெனி பஸ்ஸுக்குப் பொம்பளைக நிக்கிறாக. ஒதுங்க ஒரு நெழல் இல்ல. அதுக்குத்தான் நான் நிக்கேன்" என்றார். ஜெயித்தார். நிழற்குடைகளும் வந்தன, இப்போதும் நிற்கின்றன. ஒன்றில் மட்டும் யாரோ டூவீலர் மெக்கானிக் கடை போட்டிருக்கிறான்.

சூலக்கரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போனாலும் இதே கதைதான். பட்டா கேட்டு வந்த ஒரு கிழவரைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "நீங்க இப்ப இவரு. எங்கிட்ட பட்டா கேளுங்க" என்று அங்கிருந்த அதிகாரியிடம் சொல்லுவார். அதிகாரிகள் அவர் கார் வருவதைப் பார்த்தால் மீட்டிங் இருக்கிறது என்று கிளம்பிவிடுவார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பேன்.

இதெல்லாம் வெற்றிக் கதைகள். அந்த நாட்களில் அவர் அதிகம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த கதை இன்னொன்று. சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே ஒரு பட்டாசுக் கம்பெனி. ஆயுத பூஜைக்கு எம்.எல்.ஏ. என்று அழைத்திருந்தார்கள். என் மச்சான், அதாவது அக்கா புருஷன், அங்கேதான் போர்மேன், கழுத்தில் விசில் தொங்க எங்களை வரவேற்றார். அந்த விசிலுக்கு அங்கே ஒரு பொருள் உண்டு. வானம் கறுத்து இடிச்சத்தம் கேட்டால் போர்மேன் விசில் ஊதுவார். ஊதினதும் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் ரூமை விட்டு வெளியே ஓடி வந்துவிட வேண்டும். வெடிமருந்து இருக்கிற இடத்தில் மின்னல் விழுந்தால் என்ன ஆகும் என்று அங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

பூஜை முடிந்து பொரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வக்கீலம்மா முதலாளியைப் பார்த்து, "நீங்க இப்ப இங்கன சரம் பின்னுற ஒரு பொம்பள. பேசுங்க பாப்போம்" என்றார். முதலாளி சங்கடப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"விடியுமுன்ன எந்திரிச்சு சோறாக்கி வச்சிட்டு, புள்ளைகளக் கெளப்பிட்டு, பஸ்ஸப் பிடிச்சு வாரேன். கையெல்லாம் மருந்து. வானம் கறுத்தாப் போதும், நெஞ்சு அடிச்சிக்கிடும். எப்படா விசில் கேக்கும்னு காது அங்கனயே கெடக்கும்."

பெண்கள் கை தட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வக்கீலம்மாவுக்கு மனம் நிறைந்துபோனது. மாலையோடு காரில் ஏறி, "முதலாளின்னா இப்பிடி இருக்கணும், தம்பி" என்றார். அப்புறம் மாதக் கணக்கில் போகிற இடமெல்லாம் அதையே சொன்னார்.

அவர் எம்.எல்.ஏ. பதவி முடிந்து மறுபடியும் வக்கீலாக உட்கார்ந்தபோது நானும் பத்திரக் கடையை மூடிவிட்டு வந்து சேர்ந்துகொண்டேன். பெஞ்சும் அதே இடத்துக்கு வந்தது. அந்த வருஷம் தீபாவளிச் சீசனில்தான் அதே கம்பெனியில் விபத்து. மத்தியானம் மழை கட்டி வந்தது. இடி விழுந்து ஒரு ரூம் தரைமட்டமானது. உள்ளே இருந்த பெண்களில் மற்றவர்கள் தப்பி வந்துவிட்டார்கள். ஒருத்தி வரவில்லை. போலீஸ் வந்து என் மச்சானைப் பிடித்துக்கொண்டு போனது. வெடிவிபத்து என்றால் முதலில் போர்மேனைத்தான் பிடிப்பார்கள், இங்கே எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. முதலாளியின் பெயர் கேஸிலேயே இல்லை.

மச்சான் ஜாமீனில் வந்ததும் அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். அக்கா கல்யாணத்துக்கு முன்னால் சிவகாசியில் தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சகத்தில் வேலை பார்த்தவள். பெஞ்சைப் பார்த்ததுமே, "இந்த மை லேசுல போகாது" என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

"வக்கீலம்மா, இவர ஜெயிலுக்கு அனுப்பிராதீக. கம்பெனி வக்கீலு எல்லாத்தையும் இவர் தலையிலயே கட்டப் பாக்காரு. எங்களுக்கு ஒங்கள விட்டா யாரு இருக்கா?"

வக்கீலம்மா மச்சானைப் பார்த்து, "அந்தப் பக்கம் போயி உக்காருங்க" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அம்மா, இது நம்ம வீட்டு விஷயம். இதுலயுமா?" என்றேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மச்சான் உட்கார்ந்தார். செத்துப்போன பெண்ணின் புருஷனாகப் பேசினார். எம் பொண்டாட்டி போயிட்டா, எனக்கு நட்டஈடு வேணும், கவர்மெண்டு வேலை வேணும் என்று என்னென்னவோ சொன்னார்.

"இது எதிராளி பேசுறது இல்ல. எதிராளியப் பத்தி நீங்க நெனைக்கிறது. வீட்டுக்குப் போயி யோசிச்சிட்டு வாங்க" என்றார் வக்கீலம்மா. கிளம்பும்போது, "அவுக வீட்டுப் பக்கம் போயிராதீக. ஜாமீன்ல இருக்கீக, சாட்சியக் கலைக்கப் போனீகன்னு எழுதிருவாக" என்றும் சேர்த்துச் சொன்னார்.

வழியெல்லாம் அக்கா என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். "பெரிய வக்கீலு, பெரிய வக்கீலுன்னு சொன்னியே. நாடகம்லா போடச் சொல்லுதாக."

மூன்றாம் நாள் மச்சான் தானாக வந்தார். சாப்பிட்டு எத்தனை வேளை ஆனதோ, முகம் அப்படி இருந்தது. அக்கா ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் எதிராளி பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு பேசினார். இந்தத் தடவை அவர் அந்தப் புருஷனாகப் பேசவில்லை.

"அண்ணே, இடி கேக்குது. விசில் ஊதலையான்னு கேட்டேன். நீங்க போன்ல இருந்தீக. கையக் காட்டி இருக்கச் சொன்னீக. கூட இருந்தவளுக எந்திரிச்சு ஓடிட்டாளுக. நான் ஓடல. எனக்கு ஒங்க மேல நம்பிக்கை. அண்ணன் விசில் ஊதாம இருந்தா ஆபத்து இல்லேன்னுதான் அர்த்தம்னு நெனச்சேன்."

 அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"போன்ல யாரு?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"அய்யாதான். முதலாளி. லோடு நிக்குது, லாரி கெளம்புனப்புறம் ஊதுன்னாரு. விசில் வாயில இருந்துச்சும்மா. ஊதல."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு விசிலைப் பற்றிப் பேசியது எனக்கு ஞாபகம் வந்தது. வக்கீலம்மாவுக்கும் வந்திருக்கும்.  "இந்தப் பக்கம் வாங்க" என்று மட்டும் மச்சானைக் கூப்பிட்டார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். "நல்லாக் கேட்டுக்கோங்க. இத நீங்க கோர்ட்ல சொல்லணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. இடி விழுந்துச்சு, இயற்கைன்னு நாம சும்மா இருக்கலாம். நிரூபிக்கிறது அவுக வேலை. நீங்க தப்பிச்சு வர்றதுக்கு வாய்ப்பு நெறைய. அப்பிடி வந்தா முதலாளியும் வெளியதான் இருப்பாரு. இல்ல, நடந்தத சொல்லணும்னா சொல்லலாம். ஒங்களுக்கும் தண்டனை வரும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா தனியா நிக்கமாட்டீக. எதுன்னாலும் நான் நடத்துதேன். முடிவு ஒங்களது."

"சும்மா இருந்துருவோம்மா" என்றாள் அக்கா சட்டென்று.

மச்சான் அவள் பக்கம் பார்க்கவில்லை. "சொல்லிருதேன்மா. சொல்லலேன்னா எனக்குச் சோறு எறங்காது" என்றார்.

கேஸ் நடந்த நாட்களில் வக்கீலம்மாவை வேடிக்கை பார்க்கவே மற்ற வக்கீல்கள் வந்து நின்றார்கள். தப்பி வந்த பெண்களில் ஒருத்தி சாட்சிக் கூண்டில் ஏறினாள். குறுக்கு விசாரணைக்கு எங்கள் முறை வந்தது. வக்கீலம்மா எழுந்து கேட்ட முதல் கேள்வியே, "போர்மேன் விசில் ஊதுனாரா?" என்பதுதான். தன் கட்சிக்காரரையே மாட்டிவிடுகிற கேள்வி. அரசு வக்கீலே நிமிர்ந்து பார்த்தார்.

"ஊதல" என்றாள் அந்தப் பெண், பயந்துகொண்டே.

"ஏன்?"

அவள் மச்சானைப் பார்த்தாள். மச்சான் சொல்லு என்பதுபோல் தலையை அசைத்தார்.

"போன்ல அய்யா பேசுனாரு. ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. லாரி கெளம்பட்டும், அப்புறம் ஊதுன்னாரு."

அன்று மாலையே முதலாளியையும் கேஸில் சேர்க்கச் சொல்லி வக்கீலம்மா மனுப் போட்டார். கோர்ட் சேர்த்தது. தீர்ப்பன்று மச்சானும் முதலாளியும் ஒரே கூண்டில் நின்றார்கள். அத்தனை வருஷ வேலையில் மச்சான் அவர் முன்னால் உட்கார்ந்ததுகூட இல்லை. முதலாளிக்குப் பெரிய தண்டனை, மச்சானுக்குச் சின்னது. செத்துப்போனவளின் புருஷன் பின்வரிசையில் இருந்து எழுந்து வந்து, மச்சானைப் போலீஸ் வேனில் ஏற்றுகிற வரை பக்கத்திலேயே நின்றார்.  மச்சான் தண்டனையை முடித்துவிட்டு இப்போது வீட்டில்தான் இருக்கிறார், விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் வேலை. சோறு இறங்குகிறது.

ஆனால் தீர்ப்பான அன்று அக்கா கோர்ட் வாசலில் வக்கீலம்மாவின் முகத்துக்கு நேரே மண்ணை வாரித் தூற்றினாள். அதன் பிறகு என்னோடும் பேச்சு இல்லை. ஊரில் வக்கீலம்மாவுக்கு ஒரே புகழ். பெரிய முதலாளியைக் கூண்டில் ஏற்றியவர் என்று ஆபீசுக்குச் சால்வையோடு ஆட்கள் வந்தார்கள். சால்வைகளை வாங்கி வாங்கி நான் அலமாரியில் அடுக்கினேன்.

ஒரு நாள் சாயங்காலம் சால்வைக் கூட்டம் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஒங்கக்கா என்ன சொல்லுதா?"

"எங்கூடப் பேசுறது இல்லம்மா."

"பேசலேன்னா என்ன? ஒனக்குத் தெரியும்ல. அந்தப் பக்கம் போயி உக்காரு."

இத்தனை வருஷத்தில் என்னை அவர் அந்தப் பெஞ்சில் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. மற்றவர்களை வேடிக்கை பார்த்தே பழகிவிட்டவன் நான். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.  பேச ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

"வாயத் தொறக்காம இருந்தா எம் புருஷன் வீட்ல இருப்பாரு. ஒங்க வாயாலதான் சொன்னீக. நியாயத்த நெலைநாட்ட ஒங்களுக்கு எம் புருஷந்தான் கெடைச்சாரா? ஜட்ஜா இருந்தீக. எம்.எல்.ஏ.வா இருந்தீக. அப்ப அந்தக் கம்பெனிக்குள்ள காலு வச்சீகளே. முதலாளி கண்ண மூடிட்டு அழகாப் பேசுனாருன்னு மாலைய வாங்கிட்டுப் போனீக. அன்னைக்கு சரம் பின்னுறவள ஒருத்திய எந்திரிக்கச் சொல்லி, நீ பேசு தாயின்னு கேட்டீகளா? கேட்டிருந்தா, லோடு நின்னா விசில் வராதுன்னு அவ சொல்லியிருப்பா. அவளும் செத்திருக்கமாட்டா. இவரும் ஜெயிலுக்குப் போயிருக்கமாட்டாரு."

 அதில் எவ்வளவு அக்காவுடையது, எவ்வளவு என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. வேலை போனது என்றுதான் நினைத்தேன்.

வக்கீலம்மா வழக்கமாக உடனே ஒரு கேள்வி கேட்பார். அன்று கேட்கவில்லை. எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். "நகந்து உக்காரு" என்றார். என் பக்கத்தில், அந்த மை பெஞ்சில், வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்தார்.

"இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல, தம்பி" என்றார்.

ரோட்டில் மினி பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது. நான் சேவுப் பொட்டலத்தை நகர்த்தினேன், அவர் தொடவில்லை. பிறகு, "வண்டிய எடு, அவ வீட்டுக்குப் போவோம்" என்றார்.

அக்கா வாசலில் குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். காரைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். வக்கீலம்மா வாசற்படிக்குக் கீழே நின்றார்.

"உள்ள வரலாமா?"

அக்கா வெளியே வரவில்லை. நான் கூப்பிட வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். குரல் அவ்வளவு பெரிதாக உள்ளவர், இரண்டாவது தடவை கேட்கவில்லை. அப்படியே நின்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். முன்னாள் எம்.எல்.ஏ. ஒரு போர்மேன் வீட்டு வாசலில் நிற்கிறாரே என்று அவர்களுக்கு ஆச்சரியம். கடைசியில், "சரி தம்பி, இன்னொரு நாள் வருவோம்" என்று திரும்பினார்.

அப்போதுதான் அக்கா கதவுக்கு வெளியே வந்தாள்.

"சேலைல மை" என்றாள்.

வக்கீலம்மா நின்றார். கழுத்தைத் திருப்பிப் பார்க்க முயன்றார். தெரியவில்லை. பின்பக்கம் முழுக்க நீலம்.

"தொவைச்சாப் போயிரும்" என்றார் பழக்கதோஷத்தில்.

"எங்கிட்டயா சொல்லுதீக? அச்சு மை தண்ணி பட்டா இன்னும் பரவிரும். மண்ணெண்ணெய் தொட்டாத்தான் போகும்." அக்கா கதவை நன்றாகத் திறந்து விட்டாள். "உள்ள வாங்க."

உள்ளே அவரைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தாள். பழைய துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே பேசவும் ஆரம்பித்தாள். நான் பெஞ்சில் சொன்னதையெல்லாம் சொன்னாள். எனக்குத் தெரியாமல் விட்டுப்போனதையும் சொன்னாள். வக்கீலம்மா சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, திரும்பாமல், நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டே நின்றார்.